விடத் தெரியாத கை

என் வீட்டுக்காரருக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று எங்களுக்குச் சோறு போடுகிற வீச்சு பரோட்டா. இன்னொன்று அந்தச் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்த தூண்டில். இரண்டையும் ஒரே கையால் செய்யப் போய்த்தான் எங்கள் வீட்டில் போன வருஷம் அவ்வளவு கூத்தும் நடந்தது.

எங்கள் தெருவில் வந்து "கலீல் ரகுமான் வீடு எது?" என்று கேட்டால் முழிப்பார்கள். "வீச்சு மாஸ்டர் வீடு" என்று கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் காஜா மைதீன் பாய் நடத்துகிற கடையில் எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இவர்தான் மாஸ்டர். சாயங்காலம் அந்தக் கடை வாசலில் நின்று பார்க்க வேண்டும். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, ஓரத்தைப் பிடித்து, தோளுக்கு மேலே ஒரு சுழற்று, மேடையில் ஒரு அடி. மறுபடி சுழற்று, மறுபடி அடி. உள்ளங்கை அகலம் இருந்த மாவு, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகிவிடும்.

"இம்புட்டு வேகமாச் சுத்துறீகளே, கையை விட்டுப் போயிறாதா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"ஓரத்தை விடவே கூடாது புள்ள. மத்தபடி ஒண்ணுமில்ல" என்றார்.

அவ்வளவுதான் அவர் பேச்சு. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுகிறேன். கோபப்படுவதும் நான்தான். மாவை விடாத அந்தக் கை என் கையைப் பிடித்து ஒரு ரோட்டைத் தாண்ட வைத்தது கிடையாது. கடைத்தெருவுக்குப் போனால் அவர் முன்னால் விறுவிறு என்று போவார், நான் பின்னால் ஓடவேண்டும். "நான் மைதாவாப் பொறந்திருந்தாத்தான் புடிப்பீகளோ?" என்று கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு அதே வேகத்தில் நடப்பார்.

எங்கள் மகள் பர்வீன் பானு மாப்பிள்ளையோடு ஷார்ஜாவில் இருக்கிறாள். போன வருஷம் லீவில் வந்தபோது மாப்பிள்ளை எனக்கு ஒரு கம்பளி கொண்டுவந்தார். காரைக்குடி வெயிலுக்குக் கம்பளி. மாமனாருக்கு ஒரு தூண்டில் கொண்டுவந்தார். நாம் பார்க்கிற மூங்கில் குச்சி இல்லை. மூன்று துண்டாகப் பையில் வந்தது. சொருகி நிமிர்த்தினால் எங்கள் வீட்டு உத்தரத்தை இடித்தது. அடியில் கறி அரைக்கிற கைமா மெஷினுக்கு இருக்கிற மாதிரி கைப்பிடி வைத்த ரீல். வெள்ளைக்காரர்கள் இதை வைத்துத்தான் ஏரியில் நடுத்தண்ணீருக்கு வீசிக் கெண்டை பிடிக்கிறார்களாம்.

அதுவரைக்கும் இவர் மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு ஊருணி ஓரத்தில் ஜிலேபி, கெளுத்தி என்று சின்ன மீன் பிடித்துக்கொண்டு இருந்தவர். அடுப்படி வெக்கையிலேயே சின்ன வயசிலிருந்து நின்ற உடம்பு. தண்ணீர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் அவருக்கு முகம் தெளியும். அது எனக்கும் தெரியும் என்பதால் கண்டும் காணாமல் இருந்தேன். புதுத் தூண்டில் வந்த அன்றைக்கு அவர் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. ராடைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கோவிலூர் போகிற வழியில் ஒரு கண்மாய் இருக்கிறது. பெரியகருப்பன் என்கிறவர் மீன் குத்தகை எடுத்திருக்கிறார். கடைக்கு வாடிக்கையாக வந்து வீச்சும் சால்னாவும் சாப்பிடுகிற மனுஷர். அந்தப் பழக்கத்தில், வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் தூண்டில் போட்டுக்கொள்ள விட்டார். இவர் விடிகாலையில் பஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்புவார், மத்தியானம் ஜும்மாத் தொழுகைக்குத் திரும்பிவிடுவார். தனியாக விட்டால் பசியோடு உட்கார்ந்திருப்பார் என்று நானும் பிளாஸ்க்கில் டீயும் நாலு இடியாப்பமும் எடுத்துக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறிவிடுவேன்.

கண்மாய்க்கு நடுவில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு கல்தூண் நட்டிருக்கிறார்கள். கட்லா எல்லாம் அந்தக் கல்லடியில் ஆழத்தில் கிடக்கும். கரையோரம் முழுக்கத் தாமரை இலையும் பாசியும். ஆக, கல் வரைக்கும் வீசினால்தான் உண்டு.

முதல் வீச்சு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பரோட்டா மாவில் கடலைப் புண்ணாக்கைப் பிசைந்து முள்ளில் அப்பினார். அல்லா பேரில் பிஸ்மி சொன்னார். ராடைப் பின்னால் கொண்டுபோய், அவ்வளவு பலத்தையும் கூட்டி ஒரு வீசு. ஈயக்குண்டு அவர் காலடியிலேயே தண்ணீரில் 'டப்'பென்று விழுந்து என் சேலை முழுக்க நனைந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே.

பெரியகருப்பன் கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், மீனு அங்குட்டு நடுவுல கெடக்கு. நீங்க இங்குட்டுத் தவளையை அடிக்கிறீக" என்றார்.

அன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளையிடம் வீடியோ காலில் கேட்டார். எனக்கும் அப்போதுதான் விஷயம் விளங்கியது. ரீலிலிருந்து வருகிற நரம்பை ஆள்காட்டி விரலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ராடு தலைக்கு மேலே வருகிற அந்த நேரத்தில் விரலை விட்டுவிட வேண்டும். அங்கே விட்டால் குண்டு பறக்கும். ஒரு இமைப்பொழுது பிந்தினால் பலம் அத்தனையும் கீழே இறங்கி, குண்டு காலடியில் விழும்.

"மாமா, நீங்க விரலை விடவே மாட்டேங்குறீக" என்றார் மாப்பிள்ளை.

எப்படி விடும்? வருஷக்கணக்காக விடக்கூடாது என்றே பழகின கை. சுழற்றுகிற வேகம் ஏற ஏற இன்னும் இறுக்கிப் பிடிக்கத்தான் அதற்குத் தெரியும்.

இவர் விரலை மட்டும் மாற்றாமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றினார். ரீலில் நரம்பு பாதிதான் இருந்தது, விளிம்பு வரைக்கும் சுற்றினார். தடித்த நரம்பை எடுத்துவிட்டு மெல்லிசு போட்டார். தண்ணீரைப் பார்த்து வீசாமல் வானத்தைப் பார்த்து வீசினார். பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பினார். ஒவ்வொன்றுக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி விழுந்தது, தாமரை இலைக்குள் விழுந்தது. ஒரு தடவை விரல் விடாத இறுக்கத்தில் நரம்பு அறுந்து, குண்டு மட்டும் தனியாகப் பறந்து போய் அந்தக் கல்தூணிலேயே 'டங்'கென்று பட்டது.

"ஈயம் போய்ச் சேந்துருச்சு. நீங்க எப்ப வாரீகன்னு கேக்குது" என்றேன். மனுஷர் என்னோடு வீடு வரைக்கும் பேசவில்லை. வழக்கமாகவும் பேசுவதில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் கையைப் பழக்க ஆரம்பித்தார். மொட்டை மாடியில் ஈரத் துண்டைச் சுழற்றி, தலைக்கு நேராக வரும்போது விடுவார். குளித்துவிட்டு வந்தால் கைலியைக் கொடியில் போடமாட்டார், வீசுவார். "விடு, விடு" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார். பக்கத்து வீட்டு அகிலாண்டேஸ்வரி, "என்னக்கா, பாய் யாரை விடச் சொல்றாக?" என்று கவலையாகக் கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் குண்டு தாமரையைத் தாண்டியது. கல்லுக்குப் பாதி வழி போனது. அன்றைக்கு இவர் இன்னும் இரண்டு இடியாப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பைத்தியமாக இருந்தாலும் நன்றாகச் சாப்பிடுகிறாரே என்று இருந்துவிட்டேன்.

அங்கேதான் வினை. கை விடுவதற்குப் பழகிவிட்டது. அதற்குக் கண்மாய் எது, கடை எது என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையில் உட்கார இடமில்லாத கூட்டம். இவர் மாவைச் சுழற்றிக்கொண்டு இருந்தார். தோளுக்கு மேலே வந்தது, விரல் விட்டுவிட்டது. மெல்லிசாக விரிந்த மாவு மேசைகளுக்கு மேலே பறந்துபோய், கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிற வழியில் வெள்ளைச் சட்டையோடு சாப்பிட உட்கார்ந்திருந்த பெரியகருப்பன் தலையில் முக்காடாக விழுந்தது. பெரியகருப்பன் மாவை மெதுவாக விலக்கி முகத்தை வெளியே எடுத்து, "பாய், அப்புடியே சால்னாவையும் ஊத்திருங்க" என்றாராம். நல்ல மனுஷர். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே மீன்பிடிப்பும் போயிருக்கும்.

ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த வாரம் ஒன்று கல்லாப்பெட்டியில் விழுந்தது. இன்னொன்று தெருவில் போன ஆட்டோவுக்குள் விழுந்தது.

காஜா மைதீன் பாய் என்னைக் கூப்பிட்டு விட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் கடை நடத்துகிறவர். "தங்கச்சி, கலீலு கை எங்க கடையோட பேரு. ஆனா இப்ப ஆளுக கொடை புடிச்சிட்டு வரணும்போல இருக்கு. சாக்கோட்டையிலருந்து ஒரு மாஸ்டரை வரச் சொல்லியிருக்கேன். இந்த மாசம் முடியுறதுக்குள்ள இவருக்குக் கை சரியாகலைன்னா, அவரு பரோட்டாக் கல்லுல நிக்கட்டும், இவரு பார்சல் கட்டட்டும். சம்பளம் அதேதான், அதுல கொறை வைக்கமாட்டேன்" என்றார்.

சம்பளமா பெரிது? வீச்சு மாஸ்டர் என்றுதான் என் புருஷனுக்கு இந்த ஊரில் பெயரே. அந்தக் கல்லிலிருந்து இறங்கிவிட்டால் அவர் யார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். ராடைக் கழற்றிப் பையில் போட்டு, பரண்மேல் கம்பளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். தீரவில்லை. இப்போது கைக்குப் பயம் வந்துவிட்டது. விட்டுவிடுமோ என்று இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, மாவு ஓரத்திலேயே கிழிந்தது. இறுக்கத்தைக் குறைத்தால் நழுவியது. கல்லுக்கு முன்னால் நின்றதுமே நெற்றி வேர்த்துவிடுகிறது என்று காஜா மைதீன் பாய் சொன்னார். மாசம் முடிந்தது, சாக்கோட்டை மாஸ்டர் வந்து சேர்ந்துவிட்டார். அவர் நின்று வீசுவதைப் பார்த்துக்கொண்டு இவர் வாழை இலையில் பார்சல் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வாசலிலேயே நின்றது. இவர் கூடத்தில் உட்கார்ந்து வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதால் அவர் இன்னும் உடைந்து போவார் என்று வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். மாப்பிள்ளையைத் திட்டினேன், வெள்ளைக்காரனைத் திட்டினேன், மீனைத் திட்டினேன். கடைசியில் திட்டுவதற்கு ஆள் இல்லாமல், "சும்மாதான இருக்கீக, கொல்லையில கொடி அறுந்து கெடக்கு. அதையாவது கட்டுங்க" என்றேன்.

கொடிக் கயிற்றை வேப்பமரத்துக் கிளைக்கு மேலே போட்டுக் கட்ட வேண்டும். கிளை உயரம். இவர் கயிற்று நுனியில் ஒரு கல்லைக் கட்டினார். மிச்சக் கயிற்றை வலது கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கல்லை வீசினார். கல் கிளைக்கு மேலாக அழகாகப் போய் அந்தப் பக்கம் இறங்கியது. வலது கை கயிற்றை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது.

நான் துணி வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏங்க, இன்னொருக்கா போடுங்க."

"அதான் விழுந்துருச்சே."

"போடுங்கன்னா போடுங்களேன்."

போட்டார். மறுபடியும் இடது கை வீசியது, விட்டது. வலது கை பிடித்தது, விடவில்லை. இரண்டும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அதது வேலையை அதது பார்த்தது.

"பீச்சாங்கைக்கு விடத் தெரியுதுங்க. தூண்டிலை அதுல போடுங்க" என்றேன்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. "பீச்சாங்கையால வீசி, அதுல விழுற மீனை எப்புடி பிஸ்மி சொல்லித் திங்கிறது? வாங்குறது, கொடுக்குறது, திங்கிறது எல்லாம் சோத்துக்கையிலதான். வேணாம் புள்ள."

இதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு மார்க்கம் பேசுகிற அளவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் கண் இருக்கிறது. மாப்பிள்ளை காட்டுகிற வீடியோவை நானும்தான் கூடவே பார்த்திருக்கிறேன்.

"வீசுறது எந்தக் கைன்னு பாத்தீகளா? மேல் கையி சும்மா தாங்குது. கீழ்க்கையிதான் ராடோட அடியைப் புடிச்சு வயித்துப் பக்கம் இழுக்குது. அந்த இழுப்புலதான் குண்டு போகுது. அடியைச் சோத்துக்கையில புடிங்க. வெரசா இழுக்குறதெல்லாம் அது இழுக்கட்டும். ரீலைச் சுத்தி மீனை இழுக்குறதும் அதுதான். பீச்சாங்கைக்கு ஒரே வேலை, ஒரு விரலை விட்டுட்டு நிக்கிறது."

அவர் கயிற்றை இழுத்துக் கட்டி முடித்தார். பிறகு பரணில் ஏறினார். ரீல் கைப்பிடியைக் கழற்றி வலது பக்கம் மாட்டும்போது, "சோத்துக்கை விடவே வேணாம்ல?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"விடவே வேணாம்" என்றேன்.

ஜும்மாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. கண்மாய்க்குப் போனோம். முதல் வீச்சு கோணிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தாமரையில் விழுந்தது. இரண்டாவது வீச்சுக்குக் காலை மாற்றி வைத்தார். இடது கை ராடை முன்னால் தள்ளியது. வலது கை அடியைப் பிடித்து, மேடையில் மாவை அடிக்க இழுக்கிற அதே இழுப்பை வயிற்றுப் பக்கம் இழுத்தது. நரம்பு 'விர்'ரென்று போனது. போய்க்கொண்டே இருந்தது. தாமரையைத் தாண்டியது, பாதி வழியைத் தாண்டியது. கல்தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வெள்ளைத் தெறிப்பு தெரிந்தது.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. வயிற்றுக்கு முன்னால் ராடை இறுக்கிப் பிடித்திருந்த வலது கையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, இது விடல" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பார்சல் வாங்குகிற சாக்கில் நானும் கடை வாசலில் போய் நின்றேன். இவர் நேராகக் கல்லுக்குப் போய், சாக்கோட்டை மாஸ்டரைக் கொஞ்சம் தள்ளச் சொன்னார். காஜா மைதீன் பாய் கல்லாவிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பெரியகருப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், இலையை எடுத்துக்கொண்டு ஒரு மேசை பின்னால் போய் உட்கார்ந்தார். அல்லா, இந்த ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டேன்.

ஓரத்தைப் பிடித்தார். சுழற்றினார். மேடையில் அடித்தார். மாவு விரிந்து அந்தப் பக்கத்து டியூப்லைட் மங்கலாகத் தெரிந்தது. மடித்துக் கல்லில் போட்டார், அடுத்த உருண்டையை எடுத்தார். நெற்றியில் வேர்வை இல்லை. காஜா மைதீன் பாய் உட்கார்ந்து, சாக்கோட்டை மாஸ்டரைப் பார்த்து, "தம்பி, நீங்க கொத்து பரோட்டாவைப் பாத்துக்கங்க" என்றார். பெரியகருப்பன் இலையோடு முன் மேசைக்குத் திரும்பி வந்தார்.

நான் பார்சலை வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். தெருவில் வைத்து அழுவதற்கு எனக்குப் பிடிக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை குண்டைக் கல்தூணுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, ராடைக் கவட்டைக் குச்சியில் சாய்த்து, மீன் இழுத்தால் தெரிய நுனியில் ஒரு மணியை மாட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம். டீயை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரைமேல் ஆள்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். பெரியகருப்பன் வண்டி தூரத்தில் வருகிற சத்தம் கேட்டது.

"என்ன பண்றீக? ஆளுக பாக்குறாக. விடுங்க."

"இந்தக் கைக்கு விடத் தெரியாது புள்ள. நீதான சொன்ன" என்றார்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ராடு நுனி வளைந்தது.

"மீனுங்க. ஐயோ, விடுங்க, ராடு போகுது."

இடது கையை நீட்டி ராடை எடுத்தார். வலது கை என் கையிலேயே இருந்தது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். ரீலைச் சுற்ற அவருக்குக் கை இல்லை. "சுத்து" என்றார். எனக்கு மிச்சம் இருந்த ஒரு கையை நீட்டிக் கைமா மெஷினைச் சுற்றுவதுபோலச் சுற்றினேன். தப்பாகச் சுற்றுகிறேன் என்று அவர் சொல்லவில்லை, மெதுவாக என்று மட்டும் சொன்னார். பெரியகருப்பன் வண்டியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

சட்டிக்கு அடங்குகிற அளவில் ஒரு கட்லா. அது கரைக்கு வந்து புல்லில் துள்ளிக்கொண்டு கிடந்தபோதும் அவர் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.